சுண்ணாம்புக் கம்பம் முதல் பெருந்திட்டம் வரை: நிலத்தைத் தமிழில் கற்பிப்போம்



நிலப் பயன்பாடு, சுற்றுச்சூழல் திட்டமிடல் ஆகியவை ஆங்கிலத்தில் நடக்கும் புவியியல் பாடத்திற்கு உரியவை. தமிழ் வகுப்பிற்கு அவற்றோடு என்ன தொடர்பு? பயிற்சி ஆசிரியர்கள் என்னிடம் இக்கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயிலும் மாணவர்களுக்கும் அவ்வப்போது வகுப்பெடுக்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தின் அடிப்படையில் என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நாளை தமிழாசிரியர்களாக வரப்போகும் கல்லூரி மாணவர்கள், தாங்கள் வாழும் நிலம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, யார் முடிவு செய்கிறார்கள், எதற்காக எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பவற்றைத் தமிழில் பேசக் கற்றாக வேண்டும். அதைக் கற்பிப்பதற்குச் சிராங்கூன் சாலையைவிடச் சிறந்த வகுப்பறை நமக்குக் கிடைக்காது.

சிராங்கூன் வட்டாரத்திற்கு நம் பள்ளிகள் ஆண்டுதோறும் கற்றல் பயணம் செல்கின்றன. பூக்கடை, மசாலைக் கடை, கோயில், இந்திய மரபுடைமை நிலையம், இறுதியில் தோசை. இவற்றில் குறையொன்றும் இல்லை. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு திரும்புகின்றனர். ஆயினும் மல்லிகைச் சரம் அங்கே எப்படி விற்கப்படுகிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு, அந்தக் கடை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்னும் கேள்வி எழுவதே இல்லை. நாமும் எழுப்புவதில்லை. பண்பாடு என்றால் உணவும் உடையும் விழாவும் என்ற எண்ணம் இவ்வாறுதான் வேரூன்றுகிறது. நாளடைவில் தமிழ் என்பது பண்டிகைக்கான மொழி, நாட்டு நடப்புக்கான மொழி ஆங்கிலம் என்னும் பாகுபாடு பிள்ளைகள் மனத்தில் படிந்துவிடுகிறது. என் கவலை இதுதான்.

பெயர்களே முதல் வரைபடம்

பயிற்சி மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் வரைபடத்தைக் காட்டுவதில்லை. பெயர்களைத்தான் எழுதிப் போடுகிறேன்.

'சிராங்கூன்' என்னும் பெயர், சதுப்பு நிலத்தில் வாழ்ந்த 'ரங்கோங்' என்ற நீர்ப்பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். 'தேக்கா' என்பது ஹொக்கியன் சொற்றொடரின் சுருக்கம். மூங்கில் புதர்களின் அடிவாரம் என்று பொருள்படும். ரோச்சோர்க் கால்வாய் ஓரத்தில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தை அச்சொல் இன்றும் சுமக்கிறது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். அந்தத் தொழுவத்தின் பெயர்தான் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் பெயரில் இரண்டு எழுத்துகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருகிலேயே எருமையைக் குறிக்கும் கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் இருக்கின்றன. ரேஸ் கோர்ஸ் சாலை, 1933இல் குதிரைப் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்வதற்கு முன்பிருந்த நிலப் பயன்பாட்டின் அடையாளம்.

தமிழர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. வீரமாகாளியம்மன் கோயில் அமைந்துள்ள பகுதியை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றழைத்தனர். அருகில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் பலர் தமிழர்கள். இப்பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்று வினவினால், இருபது பேர் கொண்ட வகுப்பில் ஒருவரோ இருவரோ கையுயர்த்துகின்றனர். அவர்களும் பாட்டியிடமிருந்து கேட்டவர்களே.

இப்பெயர்களை ஒரே பலகையில் எழுதிப் பார்த்தால் ஒரு நிலத்தின் வரலாறு புலப்படும். நீரும் புல்லும் இருந்ததால் மாடு வந்தது. மாடு வந்ததால் பால்காரரும் தோல் தொழிலும் வண்டிக்காரரும் வந்தனர். மண் கிடைத்ததால் செங்கல் சூளைகள் எழுந்தன. தொழில் இருந்த இடத்தில் குடியிருப்பும், குடியிருப்பு வந்த இடத்தில் கோயிலும் தோன்றின. சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கான நிலம் 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது என்பது பதிவு. பின்னர்ச் சதுப்பு நிலம் வற்றடிக்கப்பட்டது, மாட்டுத் தொழில் மறைந்தது, வணிகம் நிலைத்தது.

குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று. 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில், இந்தியர்களுக்கென 'சூலியா கம்போங்' என்ற பெயரில் ஆற்றின் மேற்பகுதியில்தான் இடம் ஒதுக்கப்பட்டது, சிராங்கூனில் அன்று. திட்டம் ஓரிடத்தைக் காட்டியது. வேலையும் நீரும் மக்களை வேறோரிடத்திற்கு இழுத்தன. காகிதத்தில் வரையப்பட்ட திட்டத்திற்கும் மனிதர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைத்தான் திட்டமிடல் படிக்கும் எந்த மாணவரும் முதலில் உணர வேண்டும்.

தமிழில் சொல் இல்லையா?

"கலைச்சொற்கள் இல்லையே, ஐயா" என்பது அடுத்து வரும் மறுப்பு. இதை நான் ஏற்பதில்லை.

நஞ்சை, புஞ்சை, நத்தம், தரிசு, மேய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு ஆகிய யாவும் தமிழ்நாட்டு நில ஆவணங்களில் இன்றும் வழங்கும் சொற்கள். நீர் பாயும் வயல், மழையை நம்பிய காடு, வீடு கட்டும் இடம், மாடு மேயும் பொது வெளி என ஒவ்வொரு சொல்லும் ஒரு நிலப் பயன்பாட்டைக் குறிக்கிறது. சென்னையின் மந்தைவெளியும் மதுரையின் மாட்டுத்தாவணியும் நம் கண்டாங் கெர்பாவின் உடன்பிறப்புகள். மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையம். கண்டாங் கெர்பாவ் இன்று மருத்துவமனை.

'புறம்போக்கு' என்னும் சொல்லை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும். தீர்வை விதிக்கப்படாமல் ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலத்தின் பெயர் அது. ஏரிக்கரையும் ஓடையும் மேய்ச்சல் வெளியும் அதில் அடங்கும். இன்று நம் மாணவர்களுக்கு அது திரைப்படத்தில் கேட்கும் வசைச்சொல். எல்லாருக்கும் பொதுவான நிலத்தின் பெயர் எப்போது வசையாயிற்றோ, அப்போதே அந்த நிலத்தின் மீதிருந்த மதிப்பும் போயிற்று என்று ஒரு பயிற்சி மாணவி தம் கட்டுரையில் எழுதியிருந்தார். நான் வியந்து போனேன்.

ஐந்திணையையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. குறிஞ்சி முதல் பாலை வரை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மாணவர்கள், நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் ஏன் வைத்தது என்று சிந்திப்பதில்லை. நிலம் மாறினால் தொழிலும் உணவும் பறவையும் மரமும் மாறும் என்ற நோக்கு அதில் இருக்கிறது. இதை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் நகரத் திட்டமிடலைக் கண்டுபிடித்துவிட்டான்" என்று பெருமை பேசுவதை நான் ஊக்குவிப்பதில்லை. திணை என்பது நிலத்தையும் வாழ்வையும் உற்றுப் பார்த்துச் சொல்வது. திட்டமிடல் என்பது நாளை அந்நிலம் என்னவாக வேண்டும் என்று முடிவெடுப்பது. முன்னதில் தேர்ந்தவர்கள் பின்னதையும் நன்கு செய்யலாம். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. 1915ஆம் ஆண்டில் சென்னைக்கு நகரத் திட்டமிடல் கண்காட்சியைக் கொண்டுவந்து, மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைப் பற்றி அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸ் வலியுறுத்தியதும் இதையே: திட்டம் தீட்டுமுன் இடத்தையும் மக்களையும் ஆய்ந்தறிக, முழுவதையும் இடித்துத் தள்ளாமல், பழுதானதை மட்டும் அளவோடு சீர்செய்க.

வரைபடத்தைப் படித்தல்

இரண்டாம் வகுப்பில்தான் வரைபடம் வருகிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டைக் காட்டுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. முதல் பெருந்திட்டம் 1958ஆம் ஆண்டினது. அண்மைய வரைவு 2025 சூன் மாதத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இணையத்தில் எவரும் பார்க்கலாம். நீலம் வணிகம், பச்சை பூங்கா, மஞ்சள் பின்னாளைய தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலம்.

ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண் இருக்கும். 1,000 சதுர மீட்டர் மனைக்கு 2.8 என்று இருந்தால், எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் வரை தளம் அமைக்கலாம் என்று பொருள். தமிழ்நாட்டில் இதைத் தளப் பரப்புக் குறியீடு என்பர். தொடக்கநிலை ஐந்தில் பயிலும் பிள்ளைகூட இக்கணக்கைச் செய்துவிடும். அந்தச் சிறு எண் மாறினால் ஒரு தெருவின் வானமே மாறும் என்பதைத்தான் நாம் எடுத்துக்காட்ட வேண்டும்.

சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும் உள்ள கடைவீடுகள் 1989ஆம் ஆண்டு சூலை 7 அன்று பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. அவ்வாறு அறிவிக்காதிருந்தால் அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதே வேளையில் மாணவர்களிடம் இன்னொரு கேள்வியையும் வைக்கிறேன். கட்டடத்தின் முகப்பையும் ஓட்டையும் சட்டம் காக்கும். உள்ளே மாவு அரைத்தவரையும் தங்க நகை செய்தவரையும் அது காக்குமா? கட்டடம் அழகாகி, வாடகை உயர்ந்து, பழைய தொழில் வெளியேறினால், நாம் காத்தது எதை? இதற்கு ஆயத்த விடை என்னிடம் இல்லை. விடை இல்லாத கேள்வியையும் தமிழில் கேட்கலாம் என்று மாணவர்கள் அறிந்துகொள்வதே அவ்வகுப்பின் பயன்.

பக்கத்திலேயே மூன்று பாடங்கள்

சிராங்கூன் சாலை வழியே வடக்கே செல்லச் செல்லப் பாடங்கள் விரிகின்றன.

முதலாவது ஃபேரர் பார்க். குதிரைகள் ஓடிய திடல். 1911இல் சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக விமானம் பறப்பதைக் கண்ட இடம். 1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படையினர் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இடம். பல தலைமுறைகள் காற்பந்து விளையாடிய இடம். அத்திடலில் வீவக வீடுகள் அமையும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பழைய நீச்சல் வளாகமும் குத்துச்சண்டைக் கூடமும் தக்கவைக்கப்படும் என்றும் கூறப்பட்டது.

இரண்டாவது பிடாடாரி. அப்பர் சிராங்கூன் சாலையோரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1972 வரை இடுகாடாக இருந்த நிலம்; கிறித்துவர், முசுலிம்கள், இந்துக்கள் எனப் பல சமயத்தாரும் அங்கே உறங்கினர். 2001 முதல் 2006 வரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. மனிதர் நடமாட்டம் குறைந்த அந்த இடத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கின. இப்போது அங்கே வீடமைப்புப் பேட்டை. அதன் நடுவே 2024இல் திறக்கப்பட்ட பூங்கா. உட்லீ பெருவிரைவு ரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 2003இல் வடகிழக்குப் பாதை ஓடத் தொடங்கியபோதும், சுற்றிலும் போதிய மக்கள் இல்லாமையால் ரயில்கள் அங்கே நிற்காமலே சென்றன. 2011இல்தான் நிலையம் திறக்கப்பட்டது. வீடுகள் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிலையத்தைக் கட்டிவைத்த தொலைநோக்கு அது.

மூன்றாவது சிராங்கூன் ஆற்றின் கரையிலுள்ள லோரோங் ஹாலுஸ். 1999 மார்ச் வரை நாட்டின் குப்பைகள் கொட்டப்பட்ட இடம். அதன்பின் குப்பை செமாக்காவ் தீவுக்குச் செல்கிறது. ஆற்றின் முகத்துவாரம் அடைக்கப்பட்டு 2011இல் நன்னீர்த் தேக்கமானபோது, பழைய குப்பையிலிருந்து கசியும் கழிவுநீர் குடிநீரில் கலக்காமல் இருக்க, நாணல் படுகைகள் கொண்ட ஈரநிலம் உருவாக்கப்பட்டது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கும் நாட்டில், எங்கே குப்பை கொட்டுவது என்பதும் எங்கே நீர் குடிப்பது என்பதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை இதனருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டிற்கும் பலியானது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னை பட்ட துன்பத்தை அங்குள்ள நம் உறவினர்கள் தொலைபேசியில் சொல்லக் கேட்டோம். எஞ்சிய நிலம் 2022இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதைச் சொல்லும்போது, "சிங்கப்பூர் சரி, சென்னை தவறு" என்ற எளிய முடிவுக்கு மாணவர்கள் தாவிவிடக் கூடாது. நம் தீவும் தன் கண்டல் காடுகளில் மிகப் பெரும்பகுதியை இழந்துதான் வளர்ந்தது. 1965இல் ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த நம் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. அந்த வளர்ச்சி கடலோரத்தின்மீது நிகழ்ந்தது.

கேட்பதும் சொல்வதும்

மூன்றாம் வகுப்பு ஓர் அவை. ஒரு மாணவர் திட்டமிடுநர், ஒருவர் கடைக்காரர், ஒருவர் முதல் வீட்டிற்காகக் காத்திருக்கும் இளங்கணவர், ஒருவர் ஐம்பது ஆண்டுகளாக அங்கே வாழும் மூதாட்டி, ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களைக் காணத் தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர். காலியாக இருக்கும் ஒரு திடலை என்ன செய்வது என்பது பொருள். ஒரே ஒரு விதி உண்டு. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்பவர், அதற்காகத் தான் எதை விட்டுக்கொடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் முறை இதை நடத்தியபோது, மூதாட்டிக்குத் திட்டத்தை விளக்க வேண்டிய மாணவர், "பாட்டி, இங்க கட்டடம் கட்டப் போறாங்க" என்று கூறிவிட்டு நின்றுவிட்டார். ஏன், எவ்வளவு உயரம், மரங்கள் என்னவாகும், யாரிடம் கருத்துச் சொல்லலாம் என்று பாட்டியாக நடித்தவர் கேட்டார். ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசக்கூடிய அந்த இளைஞரிடம் தமிழில் ஒரு வாக்கியமும் இல்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுப் பாட்டி அவரவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரு வாரங்களுக்குப் பின் அதே மாணவர் அதே திட்டத்தைத் தமிழில் முழுமையாக விளக்கினார். "அப்போ என் வேப்ப மரத்த மட்டுமாவது விடச் சொல்லு, தம்பி" என்று 'பாட்டி' கோரிக்கை வைக்கும் அளவுக்கு உரையாடல் வளர்ந்தது.

இது அரசியல் ஆகிவிடாதா என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். 2001 திசம்பரில் புலாவ் ஊபினின் செக் சாவா கடற்கரையில் நிலமீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டதை நினைவூட்ட விரும்புகிறேன். இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அங்கே என்ன வாழ்கிறது என்று பொறுமையாகப் பதிவு செய்து, மக்களை அழைத்துச் சென்று காட்டி, தங்கள் கருத்தை அரசாங்கத்திடம் முன்வைத்தனர். முடிவு மாறியது. 2021இல் டோவர் காட்டின் மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடாமல் விடுவதென முடிவானதும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின்புதான். கிழக்குப் பாதியில் வீடுகள் வருகின்றன. ஒருவருக்கும் முழுவதும் கிட்டவில்லை. எனினும் எல்லாரும் பேசினர். கருத்துக் கேட்கப்படும் நாட்டில் கருத்துச் சொல்லத் தெரிந்திருப்பது குடிமைப் பண்பு. அதைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை.

பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பது உண்மையான தடை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தனிப்பாடம் கேட்கவில்லை. கற்றல் பயணத்தில் ஒரு மணி நேரம், கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று, வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி உரையாடலில் ஒரு படம் ஆகியவை போதும். பயிற்சிக் கழக நாட்களிலேயே இதற்கு ஆசிரியர் பழகிவிட்டால், தொடக்கநிலை மூன்றில் பயிலும் பிள்ளையிடம் "இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?" என்று கேட்பது இயல்பாகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கச் செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். அச்சந்தை 1915இல் சாலையின் எதிர்ப்புறத்தில் தொடங்கியது. 1982இல் இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. சூசியாவ் நிலையம் என்று பெயர் மாறி, 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்று மீண்டது. வீட்டில் மூத்தோர் இருந்தால், பழைய சந்தை எங்கே இருந்தது என்று பிள்ளையை விட்டே அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு கைப்பேசியில் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து, உங்கள் வீவக புளோக்கின் அருகே எந்த நிறம் இருக்கிறது என்று இருவருமாகத் தேடுங்கள். அது என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று பிள்ளை கேட்கும். அக்கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்லுங்கள். சொல் வரவில்லையெனில், பிள்ளையின் தமிழாசிரியரிடம் கேளுங்கள். கேட்கப்படுவதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.